செஞ்சிக் காடுகள்

விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிக் குன்றுகளிலும் அருகிலுள்ள பக்கமலையிலும் எஞ்சி நிற்கும் இயற்கைக் காடுகள் இவை. சோழமண்டலக் கடற்கரைக்கு உரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு, உள்நாட்டின் இலையுதிர் காட்டோடும் முட்புதர்க் காட்டோடும் கலக்கும் மேற்கு விளிம்பு இது.

மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள அகத்தியமலையின் பசுமைமாறா மழைக்காடு ஆண்டுக்கு 2000 மி.மீட்டருக்கு மேற்பட்ட மழையில் செழிப்பது. செஞ்சிக்குக் கிடைப்பது ஏறத்தாழ அதில் பாதி. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்ந்துவிடும். அப்படியிருந்தும் காயா, வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி போன்றவை கோடையிலும் பச்சை மாறுவதில்லை. இலைகள் தடித்துத் தோல்போல் இருப்பதால் நீர் எளிதில் ஆவியாகாது. மரங்கள் ஓங்கி வளராமல் நெருங்கிக் கவிந்து, கொடிகளால் பின்னப்பட்டு, தரைக்கு வெயில் படாமல் காக்கின்றன. சதைப்பற்றுள்ள பழங்களைத் தின்னும் பறவைகளும் வௌவால்களும் மரநாய்களும் விதையைப் பரப்புகின்றன. பாறை தெரியும் வறண்ட சரிவுகளில் உசிலையும் களாவும் காரையும் மிகுதி. சாம்பியனும் சேத்தும் 1968இல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் உலர் பசுமைமாறாக் காடு தனி வகை. இது தொல்பழங்காலத்திலிருந்தே இப்படித்தான் இருந்ததா, மனிதர் வெட்டி வெட்டிக் குறுகியதா என்பது பற்றிப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் மெஹர்-ஹோம்ஜி உள்ளிட்ட தாவரவியலாளர்கள் நெடுங்காலம் விவாதித்திருக்கிறார்கள்.

செஞ்சியில் காட்டின் வரலாறும் கோட்டையின் வரலாறும் பிரித்துச் சொல்லக்கூடியவை அல்ல. திருக்குறளின் அரண் அதிகாரம் நீர், வெளிநிலம், மலை ஆகியவற்றோடு நிழற்காட்டையும் அரணின் உறுப்பாக எண்ணுகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில் இணைக்கும் செஞ்சிக்கு இந்த இலக்கணம் அப்படியே பொருந்தும். கோனார் தலைவர்கள் தொடங்கிய கோட்டையை நாயக்கர்கள் விரிவாக்கினார்கள். 1649இல் பீஜப்பூரும் 1677இல் சிவாஜியும் அதைக் கைப்பற்றினர். 1690 முதல் 1698 வரை, சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே தங்கியிருக்க, முகலாயப் படை வெளியே முகாமிட்டிருந்தது. அத்தனை ஆண்டுகள் ஒரு பெரும்படைக்கு அடுப்பெரிக்க விறகும் குதிரைக்கும் மாட்டுக்கும் தீவனமும் சுற்றுவட்டாரம் தந்தாக வேண்டும். போர் வரலாறுகள் இதைப் பேசுவது அரிது. காட்டின் வரலாற்றில் இதற்கு முதலிடம் தர வேண்டும். 1750இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுப் படையினரைக் காய்ச்சல் வாட்டியது. 1761இல் ஆங்கிலேயர் வசமான பிறகு கோட்டையின் படைமதிப்பு மெல்ல மங்கியது. அரணாக இருந்தவரை காட்டைக் காக்க ஆள்வோருக்கு ஒரு காரணம் இருந்தது; இப்போது அதுவும் போயிற்று.

சென்னை மாகாணத்தில் 1856இல் ஹியூ கிளெக்ஹார்ன் வனக்காப்பாளர் ஆனார். ரயில் எஞ்சின்களுக்கு விறகு தேவைப்பட்ட காலம் அது. அன்று செஞ்சி அடங்கியிருந்த தென்னார்க்காட்டு மாவட்டத்தின் கரையோரத்தில் சவுக்குத் தோப்புகள் பெருகின. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் எஞ்சிய இயற்கைக் காடுகளைக் காப்புக்காடுகளாக்க வழிசெய்தது. அதனால் மரங்கள் பிழைத்தன. ஆனால் தேனும் கிழங்கும் மூலிகையும் எடுத்து வாழ்ந்த இருளர் தங்கள் காட்டிலேயே அனுமதி கேட்டு நிற்கும் நிலை வந்தது. இந்த அநீதியைக் காடு காத்த கணக்கில் மறைத்துவிடக் கூடாது.

இன்றைய நெருக்கடிகள் வேறு. தரிசிலும் ஏரிக்கரையிலும் சீமைக் கருவேலம் பரவியிருக்கிறது. மேய்ச்சலும் தீயும் இளங்கன்றுகளை எழவிடுவதில்லை. மாவட்டத்தில் கல்குவாரிகள் குன்றுகளையே தின்கின்றன. வெட்டிய மரம் தழைக்கலாம். உடைத்த பாறையின் இடுக்கில் மண் சேர எத்தனையோ தலைமுறை ஆகும். இந்தக் குன்றுப் பகுதியில்தான் சங்கராபரணி என்னும் வராகநதி பிறக்கிறது. வீடூர் அணையை நிரப்பிப் புதுச்சேரி அருகே கடலில் சேரும் அந்த ஆற்றின் நீர்வரத்துக்கு மேட்டுக்காட்டின் வேர்களும் சருகும் பிடித்துவைக்கும் ஈரம் வேண்டும்.

2025 ஜூலையில் மராத்திய இராணுவ நிலவெளிகளில் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மதிலுக்குக் கிடைத்த கவனம் அதைச் சூழ்ந்த காட்டுக்கும் கிடைக்க வேண்டும். முன்மாதிரிகள் தொலைவில் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு, ஊராரின் பக்தியால் நிலைத்து ஆய்வாளர்களுக்குத் தாவரக் களஞ்சியமாக இருக்கிறது. 1968இல் தொடங்கிய ஆரோவில்லில் அரித்துக் கிடந்த செம்மண்ணில், இத்தகைய காடுகளின் மர வகைகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டு மறுபடி காடாக்கியிருக்கிறார்கள்.