வேலைக்கு விட்ட மீன்கள்: நார்வே சால்மன் பண்ணையும் காரக்கோணத்துக் கிணறும்

நார்வேயின் சால்மன் பண்ணைகளில் கடல் பேனைத் தின்பதற்கென ராஸ், லம்ப் ஆகிய இன மீன்களை வளர்ப்பு வலைகளுக்குள் விடுகிறார்கள். தென்கேரளத்துக் கிணறுகளில் கொசுப்புழுவைத் தின்பதற்கெனக் கப்பி மீன்களை விடுகிறார்கள். இரண்டு இடத்திலும் மீன் உணவுக்கும் இல்லை, அழகுக்கும் இல்லை, வேலைக்கு. அந்த வேலை நடக்கும் காலத்தில் மீனின் நலத்துக்கு யார் பொறுப்பு? நார்வே தாமதமாகவேனும் இறந்த மீன்களை எண்ணிப் பார்த்தது. நம் பக்கம் விட்ட மீன்களை மட்டுமே எண்ணுகிறோம். இந்த அரைக்கணக்கு மீனுக்கும் கேடு, கொசு ஒழிப்புக்கும் கேடு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நார்வேக் கதையை முதலில் பார்க்கலாம். சால்மனின் தோலையும் சளிப்படலத்தையும் அரித்துத் தின்னும் ஒட்டுண்ணி கடல் பேன். 1980களின் பிற்பகுதியில் ராஸ் மீன்கள் இந்தப் பேனைக் கொத்தித் தின்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் சோதனை செய்து காட்டினார்கள். மருந்துகளுக்குப் பேன் பழகிப்போனதும் இந்த வழிக்கு மவுசு கூடியது. 2010களின் இறுதியில் ஆண்டொன்றுக்கு ஐந்து கோடிக்கும் மேற்பட்ட துப்புரவு மீன்கள் வலைகளுக்குள் இறக்கப்பட்டன. ரசாயனம் இல்லாத பசுமை வழி என்று அதற்குப் பெயரும் கிடைத்தது.

மீனின் உடலமைப்போ இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவரவில்லை. லம்ப் மீனுக்குக் காற்றுப்பை கிடையாது. வயிற்றில் உள்ள உறிஞ்சுவட்டால் பாறையிலோ பாசியிலோ ஒட்டிக்கொண்டு இளைப்பாறும் மீன் அது. நீரோட்டம் வேகமான திறந்த வலைக்குள் அது ஓய்வின்றி நீந்தித் தளர்கிறது. வளர வளரப் பேன் தின்னும் நாட்டமும் அதற்குக் குறைகிறது. ராஸ் இனங்களோ குளிர்காலத்தில் அசையாமல் ஒடுங்கிக் கிடப்பவை. நார்வே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018, 2019ஆம் ஆண்டுகளில் பண்ணைகளை ஆராய்ந்தபோது, விடப்பட்டவற்றில் சுமார் 40 சதவீதம் இறந்ததாகப் பண்ணைகளின் பதிவேடுகளே காட்டின. உண்மையான சாவு அதைவிட அதிகம் என்று ஆணையம் கருதியது.

இவ்வளவும் வெளியே வந்ததற்குச் சட்டம் ஒரு காரணம். விலங்கின் மதிப்பு அது மனிதனுக்குப் பயன்படுகிறதா என்பதைப் பொறுத்ததன்று, அதற்குத் தன்னளவிலேயே மதிப்புண்டு என்கிறது நார்வேயின் 2009ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம். மீனும் அதில் அடங்கும்.

இனி காரக்கோணம். நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் இடைப்பட்ட ஊர். ரப்பர் தோட்டங்களும் வீட்டுக் கிணறுகளும் நிறைந்த நிலம்; மழையும் அதிகம். கேரளத்தில் டெங்கு முதலில் 1997இல் கோட்டயத்தில் பதிவானது. 2006, 2007இல் சிக்குன்குனியா மாநிலத்தையே முடக்கிப் போட்டது. அதற்குப் பிறகு கொசு ஒழிப்புப் பணிகளில் கப்பிக்கு நிலையான இடம் கிடைத்தது. இந்தியாவுக்கு இந்த முறை புதிதும் அன்று. கப்பி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அதன் உறவினமான கம்பூசியா 1928இல் இத்தாலியிலிருந்து வந்தது.

கிணற்றில் விட்ட கப்பிக்கு என்ன நேர்கிறது? வயிற்றுப்போக்கும் மஞ்சள்காமாலையும் பரவாதிருக்க, சுகாதாரப் பணியாளர்கள் அதே கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கலக்கச் சொல்கிறார்கள். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது வழக்கமான அளவு. குடிநீரைத் தூய்மையாக்கும் குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்கும். வீட்டில் மீன் வளர்ப்பவர்கள் குழாய்த் தண்ணீரை ஒருநாள் வைத்திருந்து ஊற்றுவது இதனால்தான். ஆக, ஒரே துறையின் இரண்டு நற்பணிகள் ஒரே கிணற்றுக்குள் மோதுகின்றன. சாவது மீன்; செத்த மீன் மிதப்பது குடிநீரில்.

அடுத்த முரண் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. இப்பகுதியில் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசு விரும்பி முட்டையிடும் இடங்களில் முக்கியமானது ரப்பர் பால் எடுக்கும் சிரட்டை. பால்வெட்டு நின்ற நாட்களில் அதில் மழைநீர் தேங்கும். அன்னாசி இலையிடுக்கும் பழைய டயரும் அப்படியே. இவற்றில் மீன் வாழாது. சிரட்டையைக் கவிழ்த்து வைப்பதுதான் வழி. கப்பியின் களம் கிணறும் பெரிய தொட்டியும் மட்டுமே. அங்கே அதனால் பயன் உண்டு என்பதையும் மறுக்க வேண்டியதில்லை: கர்நாடகத்தில் கிணறுகளில் கப்பியையும் ஓடைகளில் கம்பூசியாவையும் விட்டு மலேரியாவைக் குறைத்ததாக ஆய்வுகள் உள்ளன. ஆனால் 2013இல் வெளியாகி 2017இல் புதுப்பிக்கப்பட்ட கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, மீன் விடுவதால் மலேரியா பரவல் குறைகிறது என்று சொல்லப் போதிய நம்பகமான சான்று இல்லை என்றது. கம்பூசியாவோ உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

டெங்கு பரவும்போது மீனின் நலம் பேசுவது ஆடம்பரம் என்று சிலர் சொல்லலாம். செத்த மீன் புழு தின்னாது என்பதே அதற்கு முதல் பதில். மீனுக்கு வலி தெரியுமா என்ற ஐயத்துக்கும் பதில் இருக்கிறது. டிரவுட் மீனுக்கு வலியுணர்வு உண்டு என்று வாதிடும் ஆய்வை லின் ஸ்னெடனும் குழுவினரும் 2003இல் வெளியிட்டார்கள். வலிக்கு அப்பால் தன்னுணர்வும் மீனுக்கு உண்டோ என்று எண்ண வைக்கும் ஆய்வும் உண்டு: கண்ணாடியில் தன்னைக் கண்ட துப்புரவு ராஸ், தன் தொண்டையில் இட்ட குறியை உரசி நீக்க முயன்றதை 2019இல் ஜப்பானின் மசனோரி கோடா குழு பதிவு செய்தது.

நம் சட்டமும் ஊமையன்று. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதன் அல்லாத எந்த உயிரினமும் விலங்கே என்கிறது. தன் பொறுப்பில் உள்ள விலங்கின் நலத்தைக் காப்பது ஒவ்வொருவரின் கடமை என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. 2014இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், பசி, வலி, அச்சம் முதலியவற்றிலிருந்து விலங்குக்குரிய ஐந்து விடுதலைகளை இந்தப் பிரிவோடு சேர்த்து வாசித்தது. 2023இல் தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டுத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பான பிறகும், ஜல்லிக்கட்டுக்கு வெளியே மூன்றாம் பிரிவின் கடமை அப்படியேதான் இருக்கிறது. காளைக்காக நாடே வாதாடிய அந்தப் பிரிவைக் கப்பிக்காக யாரும் புரட்டுவதில்லை.

செய்ய வேண்டியவை செலவு பிடிப்பவை அல்ல. மீன் விட்ட கிணறு எது, குளோரின் இட்ட கிணறு எது என்று ஊராட்சி வார்டுவாரியாக ஒரே பதிவேட்டில் குறிக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து எத்தனை மீன் உயிரோடு இருக்கிறது என்றும் எழுத வேண்டும். ஆற்றோடும் வயலோடும் தொடர்புள்ள நீர்நிலைகளில் அயல் மீனைத் தவிர்த்து, மலையாளத்தில் மானத்துக்கண்ணி எனப்படும் உள்ளூர் மீனையே முதலில் கருத வேண்டும். மீன் பிழைக்காத இடத்தில் மீன் விடும் விழாவே வேண்டாம். காரக்கோணம் போன்ற எல்லையோர ஊர்களில் கொசு இரு மாநிலத்துக்கும் பொது. ஆகவே கேரளமும் தமிழ்நாடும் இந்தப் பதிவேட்டைச் சேர்ந்தே தொடங்க வேண்டும்.