பழைய நிழற்படத்தாளும் தோட்டத்து முகங்களும்



தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றேனும் இருக்கும். அவற்றுள் சில திருமணத்திற்கோ திருவிழாவிற்கோ எடுத்தவை அல்ல. அரசாங்கக் கட்டளைக்காக எடுத்தவை.

1948 ஜூன் 16-ஆம் நாள், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூன் 18-இல் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் தேசியப் பதிவு தொடங்கியது. 12 வயது நிறைந்த ஒவ்வொருவரும் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கிளர்ச்சியாளர்களோ அந்த அட்டைகளைப் பறித்துக் கிழித்தனர். பால்மரம் சீவிய நம் மக்களுள் பலருக்கு வாழ்நாளின் முதற்படம் அதுவாகவே இருந்திருக்கும்.

அக்காலப் படங்கள் வெள்ளி உப்பு கலந்த ஊன்பசை பூசிய தாளில் அச்சிடப்பட்டவை. ஒளி பட்ட உப்பு, உருத்துலக்கும் கரைசலில் கறுக்கும். எஞ்சிய உப்பை ஹைப்போ கரைத்துவிடும். ஹைப்போவின் இப்பண்பை ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டறிந்தார். அவசரத்தில் சரியாகக் கழுவாத படத்தில் ஹைப்போ தங்கிவிடும். ஆண்டுகள் செல்லச்செல்லப் படம் மஞ்சளித்து மங்கும்.

பயன்படுத்தாத தாளும் மூப்படைகிறது. ஒளியே படாவிட்டாலும் வெப்பத்தால் வெள்ளி உப்பு மெல்லக் கெடும். அத்தாளில் வெண்மை சாம்பல் நிறமாகும். கருமையும் வெண்மையும் பிரியாமல் படம் சோர்ந்து தெரியும். ஈப்போவின் வெப்பமும் ஈரமும் இதை விரைவுபடுத்தும், பூஞ்சணமும் சேரும்.

வீட்டு இருட்டறையில் இதைச் சோதிப்பது எளிது. சிவப்பு விளக்கொளியில் ஒரு தாளிலிருந்து இரு துண்டுகளை வெட்டுங்கள். ஒன்றை நேராக ஹைப்போவில் இடுங்கள். மற்றொன்றை உருத்துலக்கிய பின்னர் ஹைப்போவில் இடுங்கள். இரண்டும் ஒரே வெண்மையாயின் தாள் நலமே. இரண்டாவது துண்டு சாம்பலாயின், உருத்துலக்கும் கரைசலில் சிறிது பொட்டாசியம் புரோமைடோ பென்சோடிரையசோலோ சேர்த்தால் மங்கல் குறையும். ஆனால் ஒளியைக் கூடுதலாகக் காட்ட வேண்டியிருக்கும்.

இத்தகைய தாள்கள் இனிப் பெருகப் போவதில்லை. கோடாக் நிறுவனம் 2005-இல் கறுப்பு வெள்ளைத் தாள் உற்பத்தியைக் கைவிட்டது. தமிழகத்தின் உதகையில் 1960-இல் நிறுவப்பட்டு, ‘இந்து’ என்னும் பெயரில் படச்சுருளும் தாளும் தந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் மூடப்பட்டுவிட்டது. இங்கிலாந்தின் இல்போர்டு போன்ற சில பெயர்களே எஞ்சியுள்ளன.

தாளைவிட விரைவாக மறைவது தோட்டமே. 1950-களின் இறுதியில் தொடங்கிய துண்டாடல், பின்னர் செம்பனை, வீடமைப்புத் திட்டங்கள் எனப் பல தோட்டங்கள் உருமாறின. லயங்கள் போயின, அங்கு வாழ்ந்தோர் சிதறினர். நெகட்டிவ் மட்டும் ஏதோ ஒரு தகரப்பெட்டியில் கிடக்கலாம்.

ஆகவே என் கருத்து இது. பழைய தாளைக் காட்சிப்பொருளாகப் பூட்டி வைக்க வேண்டாம். பிள்ளைகள் அச்சிடப் பழகுவதற்குக் கொடுங்கள். பாட்டன் பாட்டியின் நெகட்டிவுக்கோ புதிய தாளையே வாங்குங்கள். நன்றாகக் கழுவி, பெயரும் தோட்டமும் ஆண்டும் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பெயரற்ற முகத்தை அடுத்த தலைமுறை அடையாளம் காணாது.