வாக்காளர் எழுதும் சாசனம்

ஆங்கிலத்தில் ‘சார்ட்டர்’ என்று ஒரே சொல்லில் முடிவதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமத்தைப் புதுப்பித்த 1813, 1833, 1853ஆம் ஆண்டுச் சட்டங்களைப் பள்ளிப் பாடநூல்கள் பட்டயச் சட்டங்கள் என்கின்றன. ‘சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்’ பட்டயக் கணக்காளர் ஆகிறார். ஆனால் ஒரு நாட்டின், நகரத்தின் அடிப்படை ஆவணத்தைக் குறிக்கும்போது சாசனம் என்ற சொல்லே முந்திக்கொண்டு வருகிறது.

இரண்டுமே மேலிருந்து கீழே இறங்கும் சொற்கள். சாசனம் வடமொழியில் ஆணையைக் குறிப்பது; ஆளுதல், கட்டளையிடுதல் என்ற பொருள் அதன் வேரிலேயே உண்டு. பட்டயம் செப்பேட்டு வழக்கில் பழகியது. அரசர் நிலம் கொடுத்தார், உரிமை கொடுத்தார் என்பதற்கு அத்தாட்சி. இன்று நாம் கையில் வைத்திருக்கும் பட்டாவும் அதே குடும்பம்தான். கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்ற உறவு இரு சொற்களிலும் அடங்கியிருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்போ எளிமையானது. கிரேக்கத்தில் ‘கார்த்தேஸ்’ என்றால் பப்பைரஸ் தாள். அது லத்தீனில் ‘கார்ட்டா’ ஆயிற்று. ‘சிறு தாள்’ என்று பொருள்படும் அதன் குறுவடிவம் பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தை அடைந்து ‘சார்ட்டர்’ ஆயிற்று. போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்து கிராமத்துப் பேச்சில் கலந்துவிட்ட கடுதாசிக்கும் வேர் அந்தக் கிரேக்கச் சொல்லே. சார்ட்டரும் கடுதாசியும் தூரத்துப் பங்காளிகள்.

வெறும் தாளுக்கு அதிகாரம் சேர்ந்தது இங்கிலாந்தில். 1215இல் ஜான் மன்னர் பிரபுக்களுக்கு விட்டுக்கொடுத்த உரிமைகளின் ஆவணம் தோலில் எழுதப்பட்டது. 1217இல் காடுகளுக்கென்று தனியே ஒரு சிறிய சாசனம் வந்த பிறகுதான், அதிலிருந்து பிரித்துக் காட்ட முன்னதை ‘மாக்னா கார்ட்டா’, பெருஞ்சாசனம், என்று அழைக்கத் தொடங்கினார்கள். அடுத்த நூற்றாண்டுகளில் ஊர்களும் வணிகக் கம்பெனிகளும் அரசரிடம் சார்ட்டர் பெற்றன. 1600 டிசம்பர் 31இல் எலிசபெத் அரசி கையால் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்ததும் அதுவே.

சென்னையும் இந்த வரிசையில் வருகிறது. 1687 டிசம்பர் 30 என்று தேதியிட்ட சார்ட்டரின்படி சென்னை மாநகராட்சி அமைந்தது. 1688 செப்டம்பர் 29இல் நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயராகப் பொறுப்பேற்றார். லண்டனில் எழுதப்பட்டு, கடல் கடந்து வந்த தாள் அது. சென்னையில் குடியிருந்தவர்களின் சம்மதத்தை அதற்கு யாரும் கேட்கவில்லை. சார்ட்டர் என்றால் அந்நாளில் அப்படித்தான்.

அந்தச் சொல்லின் திசை மாறியது அமெரிக்காவில்.

அங்கே மாநிலத்துக்குக் கீழே உள்ள பெரிய நிர்வாகப் பகுதி கவுண்டி. நம் மாவட்டத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம், ஆனால் கலெக்டர் இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே ஆள்கிறார்கள். லத்தீனில் ‘கோமெஸ்’ என்றால் தோழன், அரசனின் உடனிருப்பவன். பிரெஞ்சில் அவன் ‘கவுண்ட்’ பிரபு ஆனான். அவன் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி கவுண்டி. நார்மானியர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த இந்தச் சொல், அங்கே முன்பே இருந்த ‘ஷயர்’ என்ற சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்தது. அமெரிக்காவில் பிரபுக்கள் இல்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. லூசியானாவில் மட்டும் அதைப் ‘பாரிஷ்’ என்றும், அலாஸ்காவில் ‘பரோ’ என்றும் சொல்கிறார்கள்.

நெடுங்காலம் கவுண்டிகளுக்கு என்று சொந்தச் சாசனம் இல்லை. மாநிலச் சட்டமன்றம் என்ன சொல்கிறதோ அதுவே வரம்பு. உள்ளாட்சி என்பது மாநிலத்தின் படைப்பு, மாநிலம் தந்த அதிகாரத்துக்கு மேல் அதற்கு ஒன்றும் இல்லை என்று அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் 1868இல் வகுத்த கொள்கை நீதிமன்றங்களில் ஆழமாக வேரூன்றியது. அதற்கு எதிராக எழுந்த கோரிக்கைக்கு ‘ஹோம் ரூல்’ என்று பெயர். அன்னி பெசன்ட் 1916இல் சென்னையில் தொடங்கிய இயக்கத்தால் நமக்குப் பழகிய அதே பெயர்தான். மிசௌரி 1875இல் தன் அரசியலமைப்பிலேயே இடம் கொடுக்க, செயின்ட் லூயிஸ் நகரம் தன் சாசனத்தைத் தானே எழுதிக்கொண்டது. கவுண்டிகளுக்கு அந்தக் கதவைக் கலிஃபோர்னியா 1911இல் திறந்தது.

முதலில் நுழைந்தவற்றுள் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஒன்று. ஃபிரீஹோல்டர்கள், அதாவது சொந்த நிலம் உடையவர்கள், பதினைந்து பேர் கொண்ட குழு வரைவை எழுதியது. 1912 நவம்பர் 5இல் வாக்காளர்கள் அதை ஏற்றார்கள். 1913 ஜூனில் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சாசனம் செய்த ஒரு காரியத்தை மட்டும் பார்த்தாலே அதன் வலு புரியும். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லாத குற்றம்சாட்டப்பட்டவருக்காக வாதாட, அரசுச் சம்பளத்தில் ஒரு வழக்கறிஞர் வேண்டும் என்று கலிஃபோர்னியாவின் முதல் பெண் வழக்கறிஞரான கிளாரா ஃபோல்ட்ஸ் 1893 சிகாகோ உலகக் கண்காட்சி மாநாட்டில் வாதிட்டார். சட்டமன்றங்களில் அது எளிதில் நடக்கவில்லை. கவுண்டிச் சாசனம் அந்தப் பதவியை உருவாக்கியது. 1914 ஜனவரியில் அமெரிக்காவின் முதல் பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞர் அலுவலகம் லாஸ் ஏஞ்சலஸில் திறந்தது. உள்ளூர்த் தாளில் எழுதிய ஒரு பிரிவு, பின்னர் நாடெங்கும் பரவிய ஏற்பாட்டுக்கு முன்மாதிரி ஆயிற்று.

சாசனத்தை மக்கள் எழுதலாம் என்றால் மக்கள் திருத்தவும் வேண்டும். சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டி இதை ஒரு கடமையாகவே வைத்திருக்கிறது. 1968இல் வாக்காளர்கள் ஏற்று, 1969 மே 1இல் நடைமுறைக்கு வந்த அதன் சாசனத்தின் 800ஆம் பிரிவு, பத்தாண்டுக்கு ஒரு முறையாவது மறுஆய்வுக் குழு அமைக்கச் சொல்கிறது. குழு ஊர் ஊராகக் கருத்துக் கேட்டுப் பரிந்துரைக்கும்; எதை வாக்குக்கு விடுவது என்று கவுண்டி மன்றம் தீர்மானிக்கும்; கடைசிச் சொல் வாக்காளருடையது. வரைவில் நீக்க வேண்டிய சொற்களின் மேல் கோடு கிழித்திருப்பார்கள். சேர்க்கும் சொற்களுக்குக் கீழே கோடிட்டிருப்பார்கள். பழையதும் புதியதும் ஒரே பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும்.

அங்கே கவுண்டிக் காவல்துறையின் தலைவரான ஷெரீப்பின் பதவி பட்ட பாடு இதற்கு நல்ல சான்று. பழைய ஆங்கிலத்தில் ஷயரின் அதிகாரி என்ற பொருளில் பிறந்த பெயர் அது. சென்னையிலும் 1998 வரை ஷெரீப் இருந்தார். கிங் கவுண்டியின் 1968 சாசனம் அதை நியமனப் பதவி ஆக்கியது. 1996இல் வாக்காளர்கள் தேர்தல் பதவியாக மாற்றினார்கள். 2020இல் மறுபடி நியமனத்துக்கே கொண்டுவந்தார்கள். அதே 2020 தேர்தலில், ‘குடிமகன்’ என்று இருந்த இடங்களைக் குடியுரிமை இல்லாத குடியிருப்பாளர்களையும் உள்ளடக்கும் சொற்களாக மாற்றவும் சம்மதித்தார்கள். ஒரு சொல்லை மாற்றினால் குழுக்களில் யார் உட்காரலாம் என்பதே மாறிவிடுகிறது. அதற்கும் தேர்தல் வைத்தே மாற்றினார்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் திருத்தம் கடினமாகவே நடந்தது. 1910இல் ஐந்து இலட்சமாக இருந்த மக்கள்தொகை 2020இல் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. ஆளும் மேற்பார்வையாளர்கள் அன்றும் ஐவர், இன்றும் ஐவர். ஒருவருக்கு ஏறத்தாழ இருபது இலட்சம் மக்கள். எண்ணிக்கையைக் கூட்டும் முயற்சிகள் வாக்குப்பெட்டியில் பலமுறை தோற்றன. 2024 நவம்பர் 5இல், முதல் சாசனத்துக்கு வாக்களித்து நாள் பிசகாமல் 112 ஆண்டுகள் கழித்து, ‘மெஷர் ஜி’ என்ற திருத்தம் சிறு வித்தியாசத்தில் வென்றது. மேற்பார்வையாளர்கள் ஒன்பது பேர் ஆவார்கள். கவுண்டியின் தலைமை நிர்வாகியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள்.

மறு ஆண்டு ஜூலையில் ஒரு பிழை வெளியே வந்தது. 2020இல் வாக்காளர்கள் ‘மெஷர் ஜே’ என்ற இன்னொரு திருத்தத்தை நிறைவேற்றியிருந்தார்கள். கவுண்டி தானே திரட்டி, தன் விருப்பப்படி செலவிடக்கூடிய வருவாயில் குறைந்தது 10 சதவீதம் சமூக நலனுக்கும், சிறைக்கு மாற்றான திட்டங்களுக்கும் போக வேண்டும் என்பது அது. அந்தத் திருத்தத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்குகளுக்கு இடையே அதன் வாசகம் சாசனத்தின் நடைமுறைப் பிரதியில் ஏறாமல் போயிருந்தது. 2024 திருத்தம் அந்தப் பகுதியை மொத்தமாக மாற்றி எழுதியபோது, 10 சதவீதம் பற்றிய வரிகள் அதில் இல்லை. ஒரு முறை வாக்களித்து எழுதியதை, மறுமுறை வாக்களித்துத் தாங்களே அறியாமல் அழித்திருந்தார்கள்.

இதில் வாக்காளரைக் குறை சொல்வதற்கில்லை. கலிஃபோர்னியச் சட்டப்படி வாக்குச்சீட்டில் ஒரு தீர்மானத்தின் கேள்விக்கு 75 சொற்களுக்கு மேல் இடமில்லை. முழு வாசகம் தனிக் கையேட்டில்தான் வரும். அரசர் கொடுத்த சாசனத்துக்கு ஒரே ஒரு காவலர், அவருடைய முத்திரை. மக்கள் எழுதும் சாசனத்தைக் காக்கும் பொறுப்பு அலுவலகப் பிரதியைத் திருத்தி வைப்பவர் முதல் கையேட்டைப் படிப்பவர் வரை எல்லோருக்கும் உண்டு. ஆகவே திருத்தம் கொண்டுவரும் எந்த உள்ளாட்சியும், வாக்குக்கு விடும் முன் சாசனத்தின் இன்றைய முழு வடிவத்தை முதலில் மக்கள் முன் வைக்க வேண்டும். வாக்காளர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.