குருதியில் உதிரும் இலைகள்

ஆண்டுத் தொடக்கத்து வறண்ட திங்கள்களில் ஜாசின் வட்டாரத்து ரப்பர்க் காடுகளில் பழகியோர் அறிவர்: பச்சையாய் நின்ற மரங்கள் சிவந்து, இலையுதிர்ந்து, வெறுங்கிளைகளாய் நிற்கும். பால் குறையும், பால்வெட்டுவோர் வருவாயும் குறையும். அவ்விலைகளைக் காற்று பறிப்பதன்று. காம்படியில் மரமே அறுத்துவிடுகிறது. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட நாள்தொட்டு மலாக்கா கண்ட காட்சி இது.

மனித உடலின் உயிரணுக்களும் இவ்வாறே உதிர்கின்றன. 1972-இல் கெர், வைலி, கரி என்னும் மூவர் இம்முறையான இறப்பிற்கு 'அப்போப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர். இலையும் இதழும் உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. பொருத்தமான பெயரன்றோ!

உதிர்ந்த உயிரணுவின் டி.என்.ஏ. எங்கே செல்கிறது? நூல் கண்டில் சுற்றியிருப்பதுபோல் அவ்விழை புரதங்களின்மேல் சுற்றியிருக்கிறது. உயிரணு இறக்கும்போது நொதிகள் கண்டுக்கும் கண்டுக்கும் இடையே அதனை நறுக்குகின்றன. அதனாற்றான் குருதியில் காணும் துண்டுகள் பெரும்பாலும் 166 காரச்சோடிகள் அளவினவாய் உள்ளன. துப்புரவு செய்யும் விழுங்கணுக்கள் பெரும்பகுதியைத் தின்றுவிடும். தப்பியது குருதியிற் கலக்க, அதனையும் கல்லீரல் விரைந்து அகற்றும். நலமுடையோரிடம் இத்துண்டுகளில் மிகுதியானவை குருதியணுக்களே உதிர்த்தவை.

இதனை முதன்முதல் கண்டவர்கள் பிரான்சு நாட்டின் மாந்தெலும் மெத்தேயும் ஆவர். 1948-இல், நோயுற்றோர் குருதிநீரில் மட்டுமன்றி நலமுற்றோர் குருதிநீரிலும் அவர்கள் கண்டனர். எவரும் பொருட்படுத்தவில்லை, டி.என்.ஏ.வின் முறுக்கேணி வடிவம் தெரிந்ததே 1953-இல் தான்.

1966-இல் இப்பொருளை மீண்டும் எடுத்தவருள் ஒருவர் மலாக்காவுக்கு அண்மையிலுள்ள சிரம்பானில் பிறந்த எங் மெங் டான் ஆவார். அமெரிக்காவில் கங்கெல் முதலியோருடன் ஆராய்ந்த அவர், லூப்பஸ் நோயாளரின் குருதியில் டி.என்.ஏ.யையும், அதனையே எதிர்க்கும் எதிர்ப்பொருள்களையும் கண்டார். தன் சருகையே பகையெனக் கருதும் உடலின் நோய் அது.

1977-இல் லியோன் குழுவினர் 173 புற்றுநோயாளரைச் சோதித்தனர். மில்லிலீட்டருக்கு நலமுடையோரிடம் சராசரி 13 நானோகிராமும் நோயாளரிடம் 180-உம் இருந்தன. எனினும் நோயாளரிற் பாதிப்பேரின் அளவு நலமுடையோர் அளவுக்குள்ளேயே அடங்கியது. அளவு ஒன்றையே கொண்டு நோயுண்டு, இல்லை எனத் துணிதல் தவறு.

1997-இல் டெனிஸ் லோவும் அவர்தம் குழுவினரும், ஆண்மகவைச் சுமந்த தாய்மாரின் குருதியில் அம்மகவின் டி.என்.ஏ.யைக் கண்டனர். நஞ்சுக்கொடி உதிர்ப்பது அது. பிள்ளை பிறந்தபின் ஏறத்தாழ 16 நிமிடத்திற்கொருமுறை பாதியாய்க் குறைந்து மறைகிறது. முன்னர்க் கருவின் நிறப்புரிக் குறையை அறியக் கருப்பையுள் ஊசி செலுத்தினர்; அதனாற் கரு கலைந்த தாய்மாரும் உண்டு. 2011 முதல் தாயின் கைக்குருதியே முதற் சோதனைக்குப் போதுவதாயிற்று. ஐயம் எழுந்தால் மட்டும், உறுதிசெய்ய அவ்வூசி இன்றும் வேண்டியிருக்கிறது.