மோட்டார் படகின் அணியமும் பயணியர் பாதுகாப்பும்

தமிழ்நாட்டுக் கடலோர மக்கள் படகின் முன்முனையை அணியம் என்றும் பின்முனையை அமரம் என்றும் அழைப்பர். கிருஷ்ணகிரி மாவட்டம் மத்தூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் இச்சொற்களுக்கு வேலையில்லை. அப்பகுதி மக்கள் அறிந்த நீர் ஊர்தி, காவிரியில் ஒகேனக்கல் பரிசல்தான். மூங்கில் பின்னலின்மீது முன்பு தோலும் பின்னர் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் கொண்டு மூடப்படும் பரிசல் வட்டமானது. துடுப்புப் போடும் பக்கமே அப்போதைக்கு அதன் முன்பக்கம். பயணியர் அடித்தளத்தில் தாழ உட்கார்ந்திருப்பர். எனவே 'முன்னால் உட்காரலாமா?' என்ற கேள்வி பரிசலில் எழுவதில்லை. அது மோட்டாருடன் வந்த கேள்வி.

அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் உருவாக்கிய, படகின் பின்புறம் மாட்டும் மோட்டார் 1909இல் விற்பனைக்கு வந்தது. எடையும் விசையும் அமரத்துக்குப் போயின. காற்றும் காட்சியும் கிடைக்கும் அணியம் பயணியர் விரும்பும் இடமாயிற்று. ஆபத்தும் அங்கேதான் மிகுதி. அலையில் படகு ஏறி இறங்கும்போது நடுப்பகுதியைவிட முன்முனை அதிகமாகத் தூக்கிப் போடும். அங்கிருந்து விழுபவர் படகின் பாதையிலேயே விழுகிறார். மணிக்கு 36 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 10 மீட்டர். 6 மீட்டர் நீளப் படகின் முன்முனையில் விழுந்தவரை அதன் சுழல்விசிறி எட்ட ஒரு நொடிகூட ஆகாது. ஓட்டுநர் கூச்சல் கேட்டு மோட்டாரை நிறுத்த அந்த நேரம் போதாது. முன்னால் நிற்பவர் ஓட்டுநரின் பார்வையை மறைப்பதும் உண்டு. 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 5ஆம் விதி, எந்நேரமும் முறையான கண்காணிப்பு வேண்டும் என்கிறது.

படகு ஓடும்போது தடுப்புக் கம்பியில்லாத முன்தளத்தில் அமர்வதை அமெரிக்காவின் பல மாநிலங்கள் தடை செய்துள்ளன. ஓட்டுநர் இடம்பெயர்ந்தால் மோட்டாரை நிறுத்தும் கயிற்று விசையைச் சிறு படகுகளில் பயன்படுத்துவது அங்கு 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆனால் அது ஓட்டுநர் விழுந்தால் மட்டுமே உதவும். அணியத்திலிருந்து விழும் பயணிக்கு அதனால் பயனில்லை.

இந்தியாவில் கவனம் பெரும்பாலும் தலை எண்ணிக்கையிலேயே நின்றுவிட்டது. அதற்குக் காரணமும் இருக்கிறது. மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் 1924 சனவரியில் பல்லனையில் உயிரிழந்தது, கூட்டம் மிகுந்த 'ரிடீமர்' படகு கவிழ்ந்ததால்தான். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் மேலும் 22 பேர்.

பயணி எங்கே இருக்கிறார் என்பதும் எண்ணிக்கையளவு முக்கியம் என்பதைத் தேக்கடி காட்டியது. 2009 செப்டம்பர் 30 அன்று முல்லைப் பெரியாறு நீர்த்தேக்கத்தில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். கரையோரம் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணியர் ஒரே பக்கம் நகர்ந்ததும் படகு சாயக் காரணம் என அப்போது கூறப்பட்டது. இது அணியத்தில் நேர்ந்த விபத்தன்று. ஆனால் அணியத்துக்கு ஆட்களை இழுப்பதும் இதே காட்சி ஆசைதான். முன்னால் எடை கூடினால் முனை தாழ்ந்து நீரை அள்ளும்; திருப்பும்போது படகு சொன்னபடி கேட்காது.

நூறாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருந்த 1917ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. பதிவு, தகுதிச் சான்று, உயிர்காப்புக் கருவிகள் ஆகியவற்றை அது நாடு முழுவதற்கும் ஒரே சீராக்க முனைகிறது. பயணி அணியத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்வது மட்டும் இன்றும் படகோட்டியின் குரலை நம்பியே இருக்கிறது. ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடும் நாள்களில் மாவட்ட நிர்வாகம் பரிசலையே நிறுத்திவிடுகிறது.