காற்றுக்குக் கம்பி வேண்டும்

காற்றாலை என்றாலே நம்மில் பலருக்கு முப்பந்தல்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் தமிழகத்தில் பிள்ளையார் சுழி போட்டது தூத்துக்குடி பக்கம் முள்ளக்காடு. 1986-ல் அங்கே நின்றவை 55 கிலோவாட் அளவிலான சின்ன இயந்திரங்கள்தான். இன்றோ ஒற்றை இயந்திரமே 2,000 கிலோவாட்டைத் தாண்டுகிறது.

ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய்கள் வழியே மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று சீறிக்கொண்டு வரும். தொண்ணூறுகளில் முதல் ஆண்டிலேயே 100 சதவீதத் தேய்மானச் சலுகை கிடைத்ததால் நூற்பாலைக்காரர்கள் காற்றாலை வாங்கக் கிளம்பினார்கள். சீசன் யூனிட்டை மின்வாரியத்தில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் 'பாங்கிங்' ஏற்பாடும் கைகொடுத்தது.

சங்கடம் இங்கேதான். யூனிட்டைக் கணக்குப் புத்தகத்தில் சேர்த்து வைக்கலாம், கம்பியில் முடியுமா? அனல்மின் நிலையத்தையும் நினைத்த மாத்திரத்தில் அணைத்து ஏற்ற முடியாது. ஆகவே இரவில் தேவை குறையும்போது, நல்ல காற்று வீசியும் காற்றாலையை நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது. எரிபொருளே கேட்காத மின்சாரத்தை விட்டுவிட்டு நிலக்கரியை எரித்தோம்!

2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் மூலம் தென்னக கிரிட் நாட்டின் மற்ற கிரிட்டோடு ஒத்திசைந்தது. மிச்ச மின்சாரம் வடக்கே போக நல்ல பாதை அப்புறம்தான் திறந்தது.

தம்பி தங்கைகளே, கரியைக் குறைப்பதில் காற்றின் பங்கை இறக்கையின் நீளம் மட்டும் தீர்மானிப்பதில்லை. லைன், சேமிப்பு, முன்கணிப்பு... இந்த வேலையெல்லாம் இன்னும் பாக்கி இருக்கு. அதை நீங்கதான் எடுத்துச் செய்யணும்.