கரிக்கோச்சியும் கிழக்குப் பாதையும்

மட்டக்களப்பு வாவிக்கரைக்குப் புகையிரதம் வந்தது 1928இல். அக்காலத்தில் இலங்கையின் பிரதான பாதைகளில் பயணிகளை இழுத்தவை பி1 வகுப்பு எஞ்சின்கள்: முன்னே நான்கு சிறு சக்கரம், பின்னே ஆறு இயக்கு சக்கரம். அந்த வகுப்பையே திருத்தித் திருத்தி, பெயரோடு ஓர் எழுத்தைக் கூட்டி, ஓட்டினார்கள். 1945இல் வந்த 340ஆம் இலக்க 'பிரெடெரிக் நோர்த்'கூட பி1 குடும்பம்தான். கிழக்குப் பாதை வந்த காலத்திலேயே, 1927இல், மலைநாட்டுக்கு மட்டும் புத்தம் புதிய கராட் எஞ்சின் ஒன்று இறக்குமதியானது. 1945இல் மேலும் எட்டு வந்தன. தேயிலைக்குப் புதியது, கிழக்கிற்குப் பழையது என்ற மனக்குறை இதிலிருந்து பிறப்பது இயல்பு.

ஆனால் எஞ்சினை வைத்து அந்தக் குறையை நிறுவ முடியாது. நாற்பத்து நான்கு அடிக்கு ஓரடி ஏறும் மலைப்பாதைக்கும் குறுகிய வளைவுகளுக்கும் அமைந்தது கராட். புனானை, வாழைச்சேனை, ஏறாவூர் எனச் சமநிலத்தில் ஓடும் பாதையில் அதற்கு வேலையே இல்லை. எஞ்சினைத் தீர்மானிப்பது ஆட்சியாளரின் ஆசையல்ல, தரையும் தண்டவாளமும். சோவியத் ரஷ்யாவைப் பாருங்கள். புரட்சி செய்த அரசு பயணி வண்டிக்குப் புரட்சிகரமான எஞ்சினையா செய்தது? 1910இல் சோர்மோவோ ஆலையில் மலாகோவ்ஸ்கி வரைந்த 'எஸ்' வகுப்பை எடுத்து, கொதிகலனைப் பெருப்பித்து, 1920களின் நடுவில் 'எஸ்யு' ஆக்கியது. அச்சுக்குப் பதினெட்டு டன் அளவில் சுமை நின்றதால் பழைய பாதைகளும் அதைத் தாங்கின. 1951 வரை அதையே கட்டினார்கள், இரண்டாயிரத்துக்கும் மேல். அந்தப் பழமையை எவரும் புறக்கணிப்பு என்பதில்லை.

ஒப்பீடு சரியா, சோவியத்துக்குச் சொந்த ஆலைகள் இருந்தனவே என்று கேட்கலாம். சரியான கேள்வி. அங்கே கொலோம்னா ஆலையில் கட்டிய எஞ்சினின் குறை அடுத்த எஞ்சினிலேயே திருத்தப்பட்டது. இலங்கையின் இரத்மலானை வேலைத்தளமோ திருத்தியும் பராமரித்தும் தந்தது. புதிய எஞ்சின் வேண்டுமென்றால் கடல் கடந்துதான் கட்டளை போகவேண்டும். கிழக்கிற்கு நேர்ந்த குறை இங்கேதான் இருக்கிறது: எந்த எஞ்சின் என்பதில் அல்ல, அதைக் கேட்கும் குரல் எங்கிருந்தது என்பதில். 1950களில் கனடாவிலிருந்து டீசல் எஞ்சின்கள் வந்தபோதும் அந்த முடிவு கொழும்பில்தான் எடுக்கப்பட்டது.